அண்ணி தேடாத இடம்

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அது யாரும் எட்டிப் பார்க்காத ஊர். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் பொட்டல், அதைத் தாண்டினால்தான் பஸ் வரும் சாலை. எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அந்தக் குறையைத்தான் விதைக் கம்பெனிக்காரர்கள் வரைபடத்தை விரித்து வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்களாம். வெள்ளரி விதை எடுக்க வேண்டுமென்றால் சுற்று வட்டாரத்தில் வேறு ரக வெள்ளரி இருக்கக் கூடாது. இருந்தால் தேனீ அங்கேயும் உட்காரும், இங்கேயும் உட்காரும், மகரந்தம் கலந்து விதை கெட்டுவிடும். மழை குறைவா, ரொம்ப நல்லது, விதை நன்றாகக் காயும் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் எதையெல்லாம் சபித்தோமோ அதெல்லாம் அவர்களுக்கு வரமாகத் தெரிந்தது. வந்து இறங்கிவிட்டார்கள்.

நான் சொல்லப்போவது என் அண்ணியைப் பற்றி. நான் அவளுக்கு நாத்தனார், அவள் புருஷனின் கூடப் பிறந்த தங்கை. நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் இன்றைக்கு மழைதான் என்பார்கள். நானும் அவளை லேசில் புகழ்ந்தவள் இல்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் சமையலில் உப்பு கூடுதல் என்று நான் சொல்ல, உன் நாக்கில்தான் கூடுதல் என்று அவள் சொல்ல, ஒரு வருஷம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. என்னையும் உள்ளூரிலேயே இரண்டு வீடு தள்ளிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சண்டை போடவும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை, சமாதானமாகவும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி வருவதற்கு முன்னால் ஊர் பொன்னாக விளைந்தது என்று கதை விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சோளம் போட்டோம், அவரை போட்டோம், கூரைமேல் பூசணி ஏற்றினோம், அப்படியும் பாதி வருஷம் அரை வயிறுதான். மிஞ்சினால் விற்கலாம் என்று இருந்தோம், மிஞ்சியதே இல்லை. கம்பெனி வந்த பிறகு கையில் காசு புரண்டது. பிள்ளைகள் வெளியூர் போய்ப் படித்தார்கள். அண்ணன் மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். பொய் சொல்லக் கூடாது, அதெல்லாம் வெள்ளரியால் வந்ததுதான். ஆனால் வெள்ளரியைத் தவிர ஊரில் வேறு எதுவும் இல்லாமல் போனது. அரிசி மூட்டையில் வந்தது, காய்கறி வேனில் வந்தது. வேன்காரன் வெள்ளரிப் பிஞ்சும் கொண்டுவருவான். கண்ணுக்கு எட்டின தூரம் வரை வெள்ளரி காய்த்துக் கிடக்கும். அதற்கு நடுவில் நின்று அவனிடம் விலை பேசி வெள்ளரி வாங்குவோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். நாங்கள் வெண்ணெயை வைத்துக்கொண்டு வெண்ணெய்க்கே அலைந்தோம்.

ஏனென்றால் எங்கள் கொடியில் இருந்தது எங்கள் காய் இல்லை. அதில் ஒரு பிஞ்சைப் பறித்தாலும் திருட்டு. எல்லாம் பழுத்து மஞ்சளாகிக் கொடியிலேயே கிடக்க வேண்டும். பிறகு அறுத்து, விதையை மட்டும் வழித்து, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும். சதையெல்லாம் குழிக்கு. விதை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது என்று மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடுவார்கள். முதல் வருஷம் அந்தக் குழியைப் பார்த்து என் மாமியார் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். தின்கிற பொருளாச்சே என்றாள். அடுத்த வருஷம் அவளே கூடை கூடையாகச் சுமந்து போய்க் கொட்டினாள். நாற்றம் மட்டும் யாருக்கும் பழகவில்லை.

அண்ணி பேர் வாங்கியது மொட்டு கிள்ளுவதில். வயலில் இரண்டு விதமான வரிசை இருக்கும். ஒன்று அம்மா வரிசை, இன்னொன்று அப்பா வரிசை, நாங்கள் வைத்த பேர்தான். அம்மா வரிசையில் காய்க்கும் காயிலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். ஆனால் வெள்ளரிக் கொடி ஒன்றிலேயே ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். அதனால் அம்மா வரிசையில் வரும் ஆண் மொட்டுகளை எல்லாம் தினமும் விடிந்ததும் விரியும் முன்னாலேயே கிள்ளி எறிய வேண்டும். மகரந்தம் அப்பா வரிசையிலிருந்து மட்டும்தான் வரலாம். அதைத் தேனீ கொண்டுவரும். வேலை முடிந்ததும் அப்பா வரிசையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிடுவோம். பிடுங்குகிற அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் புருஷன் பேரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

இலைக்கு அடியில், கொடியின் கணுவில், கடுகளவு இருக்கும்போதே அண்ணிக்கு ஆண் மொட்டு தெரிந்துவிடும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். நாங்கள் எல்லாம் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்போம். அவள் நடந்துகொண்டே கிள்ளுவாள். அவள் போன வரிசையில் பின்னால் போய்ப் பார்த்த கம்பெனி சூப்பர்வைசர் ஒன்றும் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அண்ணியின் வலது கைக் கட்டைவிரல் நகம் பச்சையாகவே இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் எனக்கும் கிள்ளு விழுந்திருக்கிறது. அவள் கேலி செய்தால் கிள்ளாமல் பேச மாட்டாள்.

கண் நன்றாக இருந்ததால் வந்தது வினை. ஒவ்வொரு பருவத்திலும் பூ வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் தேடல் நடக்கும். யார் வீட்டுக் கொல்லையிலாவது, சாக்கடை ஓரத்திலாவது, குப்பை மேட்டிலாவது வேறு வெள்ளரிக் கொடி முளைத்திருந்தால் பிடுங்க வேண்டும். அதற்காக ஊரே திரண்டு ஒருவர் வீட்டை ஒருவர் சோதிப்போம். அடுப்படி வரை போகலாம், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தேடலுக்கு அண்ணியைத் தலைமை ஆக்கினார்கள். கம்பெனியிலிருந்து அவளுக்குப் படம் ஒட்டிய வேலையாள் அட்டை கொடுத்தார்கள். மற்ற பெண்கள் எல்லாரும் இன்னார் பெண்டாட்டி என்பதோடு சரி. அட்டை வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி அந்த வேலையை ஈவு இரக்கம் இல்லாமல் செய்தாள். தையல்காரர் மகள் பிள்ளைத்தாய்ச்சியாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளரிக் கொடி வைத்திருந்தாள். அதில் நாலைந்து மொட்டுதான் வந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விடுங்கள், ஒரு பிஞ்சு தின்றுவிட்டு நானே பிடுங்கிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அண்ணி அதை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அங்கேயே கொளுத்தினாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் ஆசையைக் கொளுத்தியவள் என்று ஊர் பேசியது. நானும் பேசினேன். அது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். அண்ணி மட்டும், ஒரு கொடிக்கு இரக்கப்பட்டால் ஊருக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரே பேச்சாக நின்றாள்.

தன் வீட்டைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அண்ணி வீட்டைச் சோதிக்கும் பொறுப்பு விவசாயிகள் சங்கத் தலைவருக்கு இருந்தது. வீட்டுக்குப் பின்னால், மாடு இல்லாமல் போன மாட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கேதான் அண்ணன் குடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அதற்காகச் சண்டை போட்டுப் போட்டு அலுத்து, கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அவன் வீட்டுக்குள் குடிக்க மாட்டான், அவள் கொட்டகைப் பக்கம் போக மாட்டாள். வருஷக்கணக்காக அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அங்கே அண்ணனுக்குத் துணையாக உட்கார்ந்து குடிக்கிற ஆள் யார் என்று கேட்டால், அது சங்கத் தலைவர்தான்.

அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. விதையைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தோம். கம்பெனி விதையை வாங்கியவுடன் பணம் தராது. அதில் ஒரு கை எடுத்துத் தங்கள் தோட்டத்தில் விதைத்து, வளர்த்து, காயைப் பார்த்த பிறகுதான் தரும். ஒரு நாள் மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். எப்போதும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிற மனுஷர், அன்றைக்கு வண்டியை விட்டே இறங்கவில்லை. விதையில் கலப்படம் என்றார். நீளமாகப் பச்சையாக வர வேண்டிய காய்க்கு நடுவில் குட்டையாக, வெளுத்துப் போய், கறுப்பு முள்ளோடு காய்த்திருக்கிறது. மொத்த ஊரின் விதையும் தள்ளுபடி, ஒருத்தருக்கும் பணம் கிடையாது. நாளைக் காலை விதைக் கொட்டகையில் கூட்டம், எந்த வீட்டுக் கொடி என்று தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் கம்பெனி இந்த ஊரையே விட்டுவிட்டு வேறு ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குட்டை, வெளுப்பு, கறுப்பு முள். அண்ணி முகம் மாறியதை நான் பார்த்தேன். கம்பெனி வருவதற்கு முன் எல்லா வீட்டுக் கொல்லையிலும் கிடந்த ரகம் அது. நல்ல ரகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பாதி கசக்கும். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் கூட வாம்மா. தனியா போக எனக்குப் பயமா இருக்கு."

அண்ணிக்குப் பயம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கொட்டகைக்குப் போனோம். காலி பாட்டில்கள், ஒரு பாய், உப்புக் கிண்ணம். பின்பக்கம் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதில் காய்ந்த வெள்ளரிக் கொடி ஏறியிருந்தது. மேலே, கிளை பிரியும் இடத்தில், பழுத்து வற்றிய ஒரு குட்டைக் காய் தொங்கியது. அண்ணி கீழேயே நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவள் அவள்.

அண்ணன் வந்தான். எங்களைப் பார்த்ததும் குடித்திருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. பழைய விதை கொஞ்சம் சுவர் இடுக்கில் கிடந்தது, குடிக்கும்போது கடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டுமே என்று ஊன்றினேன், ஒரே ஒரு கொடிதானே என்றான். பாட்டன் விதையைக் காப்பாற்ற வேண்டும், பாரம்பரியம் அழியக் கூடாது என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். தொட்டுக்கொள்ள வைத்தானாம். தேடலுக்கு வந்த தலைவர் பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன். பார்த்தார், அவரும்தான் தின்றார் என்றான். வேலியே பயிரை மேய்ந்த கதை. இங்கே வேலி உப்புத் தொட்டுக்கொண்டு மேய்ந்திருக்கிறது.

அண்ணி அவனைத் திட்டவில்லை. கொடியை இழுத்துப் போட்டுக் கொளுத்தினாள். எரிந்து முடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் கம்பெனி விதியை எடுத்துச் சொன்னாள். அண்ணனைப் போல ஒப்பந்தம் போட்டவன் தப்பு செய்தால் நிலத்தை நிரந்தரமாகத் தள்ளிவிடுவார்கள், அந்த நிலத்தில் கம்பெனி இனி விதை போடாது. வேலையாள் தப்பு செய்தால் வேலையாளை மட்டும் வயலுக்குள் விடாமல் நிறுத்துவார்கள். நிலம் பிழைக்கும்.

"அட்டை எங்கிட்டதானே இருக்கு. நான் வேலையாள்தானே," என்றாள்.

நான் கத்தினேன். அவன் செய்ததற்கு நீங்கள் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்றேன். மகள் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, நிலம் போனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான் என்றாள். அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் விதை தரம் பிரிக்கும் கொட்டகையில் ஊரே கூடியது. தரையில் சாக்கு விரித்திருந்தார்கள். சல்லடைகள் சுவரில் மாட்டியிருந்தன. ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பேசினார். தலைவர் எழுந்து, தப்பு செய்தவர் மனசாட்சியோடு ஒத்துக்கொள்ள வேண்டும், ஊர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று குரல் கமறப் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன். அண்ணன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி எழுந்தாள்.

"நான்தாங்க வெச்சேன். எங்க கொட்டகைக்குப் பின்னால. அவருக்குத் தெரியாது."

சூப்பர்வைசர் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அண்ணியின் வேலை தெரியும்.

"அக்கா, நீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்," என்றாள் அண்ணி. அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அதன் பிறகு வந்த பேச்சை எல்லாம் இங்கே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் பிடுங்கிய ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வசவு வந்தது. தையல்காரர் மகள் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தாள். அவள் முன்னால் வந்து, என் வாய்க்கு ஒரு பிஞ்சு பொறுக்காதவள் நீ வைத்துத் தின்றாயா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லாருக்கும் அந்தப் பருவத்துப் பணம் போயிருந்தது, என் வீட்டுக்காரருக்கும்தான். யாரையாவது திட்டாமல் அவர்களால் எப்படி வீட்டுக்குப் போக முடியும்? தலைவர் மட்டும் பெரிய மனசு பண்ணி, பெண் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்றார்.

ஊர் பிழைத்தது. அண்ணன் நிலமும் பிழைத்தது. அண்ணி மட்டும் எந்த விதை வயலிலும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது, தன் சொந்த வயலிலும்தான். அடுத்த பருவத்தில் அண்ணன் மொட்டு கிள்ளக் கூலிக்கு ஆள் வைத்தான். அவர்களுக்கு அண்ணி சோறு வடித்து, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரப்புக்கு வெளியே பாதையில் நிற்பாள். யாராவது வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்தே அவளுக்கு, விட்டுப்போன மொட்டு கண்ணில் படும். அதோ அந்தக் கணுவில் ஒன்று இருக்கிறது பார் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். உனக்கு எதுக்கு இந்த வேலை என்று கூலிக்கு வந்தவள் கேட்டாள். பிறகு அண்ணி சொல்வதை விட்டுவிட்டாள். அவள் கட்டைவிரல் நகம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

நான் சும்மா இருக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிறவி நான். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போதே, கொடி வைத்தது என் அண்ணன், கூட உட்கார்ந்து தின்றது தலைவர் என்று போட்டு உடைத்தேன். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்து அண்ணிக்குப் பரிந்து பேசுகிற நாத்தனாரை நான் இப்போதுதான் பார்க்கிறேன், அண்ணன் சொத்தில் ஏதாவது தகராறா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னது அண்ணி காதுக்குப் போனபோது, அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மகள் படிப்பு முடியவில்லை, எதைக் கெடுக்கப் பார்க்கிறாய் என்பது அவள் கோபம்.

அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதலில் கொஞ்ச நாள் அண்ணி முகத்தைப் பார்க்காமல் தின்றுவிட்டு எழுந்து போனான். கொட்டகையில் குடிப்பதைக்கூட நிறுத்தினான். எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, என்றைக்காவது குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவான் என்று. ஆனால் ஊர் அவனைப் பாவம் பார்க்க ஆரம்பித்தது. நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்துவிட்டாளே என்றார்கள். போகிற இடத்தில் நாற்காலி போட்டார்கள். முதலில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பெருமூச்சு விட்டான். அதற்கும் பிறகு, என்ன செய்வது, கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான் என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் என் வீட்டில் என் முன்னாலேயே அப்படிச் சொன்னான். எந்த வாயால் சொல்கிறாய் என்று கேட்டேன். என்னை அவன் பார்த்த பார்வையில் பயமோ வெட்கமோ இல்லை. எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்பது போலப் பார்த்தான்.

மகள் படிப்பு முடிந்து வேலைக்கும் போய்விட்டாள். இனிமேல் உண்மையைச் சொல்லுங்கள், நான் கூட நிற்கிறேன் என்று அண்ணியிடம் கேட்டேன். யார் கேட்பார்கள் என்றாள். அவள் சொன்னது சரி. அதற்குள் தேடலுக்குத் தலைமை ஏற்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்து, பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்று தலைவர் அண்ணன் பேரைச் சொல்லியிருந்தார். ஊர் கை தட்டியது. தன் வீட்டைத் தானே சோதிக்கக் கூடாது என்ற விதியை அவனுக்காக எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷத் தேடலில் அண்ணன் கையில் கம்போடு முன்னால் வந்தான். கழுத்தில் அட்டை. பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் ஊர். நான் அண்ணிக்குத் துணையாக அவள் வீட்டில் இருந்தேன். அவள் அடுப்படிக்கு வெளியே பழைய வாளிகளில் மிளகாயும் கீரையும் போட்டிருந்தாள். ஒரு வாளியில் இரண்டு இலை விட்ட பூசணி இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வாளியாகக் கம்பால் கிளறினான். பூசணியின் முன்னால் நின்றான்.

"அது பூசணிங்க. இலையைத் தொட்டுப் பாருங்க, தெரியும்," என்றாள் அண்ணி.

"உன் பேச்சை நம்பி ஒரு தடவை ஊர் கெட்டது போதும்."

பிடுங்கி எறிந்தான். ஊர் பார்ப்பதற்காகச் சொன்ன மாதிரி இருந்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அவன் குரலில் நடிப்பே இல்லை. நிஜமாகவே வேதனைப்பட்டுச் சொன்னான். கண் கலங்கியிருந்தது. அவன்மேல் பாய்ந்துவிட நினைத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. அவருக்கு மறந்தே போச்சு."

அவள் குனிந்து, கவிழ்ந்து கிடந்த வாளிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கூட்டம் நகர்ந்தது. அடுத்தது எங்கள் பக்கம். நான் குறுக்கு வழியாக ஓடி அவர்களுக்கு முன்னால் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் வீட்டில் ஒரு செடிகூடக் கிடையாது, கொல்லை முழுக்க சிமெண்ட் தரை. இருந்தாலும் அவன் என் வாசல்படி ஏறக் கூடாது என்று தோன்றியது. அண்ணன் கம்பால் கதவைத் தட்டினான். நான் திறக்கவில்லை. திரும்பவும் தட்டினான்.

"உள்ள ஏதோ வெச்சிருக்கா. அதான் திறக்க மாட்டேங்கிறா," என்று தலைவர் சொல்வது கேட்டது.

"எனக்கும் அதான் தோணுது," என்றான் என் அண்ணன்.